ஆராயியோட கொளம்

தண்ணியப் பத்தி என்ட்ட யாரும் வாய் கொடுக்க வேண்டாமுங்க. இருவத்திரண்டு வருசம் எஸ்டேட்ல பம்பு ஓட்டுனவன் நான். பங்களாவுக்கும், கூலிக்காரங்க லைன் ஊடுகளுக்கும், காப்பிப் பழம் உரிக்கிற கொட்டாய்க்கும் தண்ணி ஏத்துனது இந்தக் கைதான். தொட்டியக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, நான் ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டுத்தான் குழாயத் தொறந்து உடுவேன். பொன்னுவேல் உட்ட தண்ணின்னா ஒருத்தரும் மொகஞ் சுளிச்சதில்லை. அப்பேர்ப்பட்டவன் என்ற ஊட்டுப் பொறவாசல்ல கெடந்த ஆறடித் தண்ணியக் காப்பாத்த முடியாமப் போனேன். இப்ப அதுல மண்ணக் கொட்டி மூடி பீன்ஸ் போட்டிருக்கறேன். காய் நல்லாத்தான் புடிக்குது, என்ன எழவு புடிச்சு என்னங்க.

மலை மேல, கிளியூர் ரோட்டுக்குக் கீழதான் எங்க ஊடு. பொறவாசல்ல ஒரு பாறையிடுக்குல ஊத்து உண்டு. அந்தத் தண்ணி சும்மா போகுதேன்னு ஒரு குழாயச் செருகி, ஆறடி நீளம், நாலடி அகலம், முழங்காலுக்கு மேல கொஞ்சம் ஆழம்னு வெட்டி, கல்லு கட்டி சிமெண்டு பூசுனேன். அவரைக்கும் பீன்ஸுக்கும் மொண்டு ஊத்தறதுக்குன்னு கட்டுனதுதான். பாக்கறவங்க எல்லாம் தொட்டிம்பாங்க. என்ற சம்சாரம் ஆராயி மட்டும் "நம்ம கொளம்"னுதான் சொல்லும். பங்களாவுல தோட்டவேலை பாக்கற மாதையன் ஒரு நாள் மண்ணெண்ணெய் டின்னுல பன்னெண்டு செவப்பு மீனக் கொண்டாந்து குடுத்தான். மூணை மீங்கொத்தி தூக்கிட்டுப் போயிருச்சு. மிச்சம் ஒம்பது.

எங்களுக்குப் புள்ளைங்க இல்லீங்க. பாவம் பாக்காதீங்க, அது எங்களுக்குப் பழகிப்போன சங்கதி. வெடியால எந்திரிச்சதும் ஆராயி குளத்தோரத்துக் கல்லுல போய் உக்காந்துக்கும். நான் வரக்காப்பி போட்டு, ஒரு வெல்ல உருண்டையும் சேத்துக் கையில குடுப்பேன். வெல்லத்தக் கடிச்சுக்கிட்டே காப்பியக் குடிச்சாத்தான் அதுக்கு எறங்கும். குடிச்சுக்கிட்டே மீனை எண்ணும். நான் சட்டையப் போட்டுக்கிட்டு வேலைக்குக் கெளம்பறப்ப, "ஒம்பதும் இருக்குதுங்க"ன்னு சத்தம் போட்டுச் சொல்லும். ஏதோ நான் காவக்காரன், கணக்குக் கேட்டு நிக்கற மாதிரி! "இல்லாம எங்க போயிரும், பஸ் ஏறி சேலம் போகுமா?"ன்னு நானும் திருப்பிக் கத்திட்டுப் போவேன்.

எண்பத்தேழு தை மாசம், அது கழுத்துல காதுக்குக் கீழ ஒரு கட்டி. பாவி மக, முந்தானையச் சுத்திச் சுத்தி மூணு மாசம் மறைச்சு வெச்சிருந்திருக்குது. கேட்டா, "கொசுக் கடிங்க"ன்னுச்சு. எலுமிச்சங்காய் மொத்தத்துக்கு ஒரு கொசு கடிக்குமா? கையப் புடிச்சு இழுக்காத கொறையா பஸ்ஸுல ஏத்தி சேலத்துல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு நாள் சோதிச்சாங்க. மூணாம் நாள் டாக்டரு அதை வெளிய உக்கார வெச்சுட்டு என்னிய மட்டும் கூப்புட்டாரு. நல்ல மனுசன். எம் மொகத்தப் பாத்தே பேசுனாரு. "நொம்ப முத்திப் போச்சுப்பா. இனிமேக் கத்தி வெச்சுப் புண்ணியமில்லை. வலிக்கு மாத்திரை எழுதியிருக்கேன். இருக்கற வரைக்கும் சந்தோசமா வெச்சுக்க"ன்னாரு.

வெளிய வந்தா பெஞ்சுல உக்காந்துக்கிட்டு என்ற மொகத்தையே பாக்குது. "ஏனுங்க, என்னங்க சொன்னாரு?"

"மாத்திரைய ஒழுங்கா முழுங்குனா கொஞ்சங் கொஞ்சமாக் கரைஞ்சு போயிருமாம்"னேன்.

பொய்யிங்க. வாயில வந்துச்சு, சொல்லிட்டேன். யோசிச்சுச் சொல்ல அங்க நேரம் எங்க இருந்துச்சு?

பஸ்ஸு மலையேறறப்ப வளைவுக்கு வளைவு வாந்தி. கடைசியில என்ற தோள்ல சாஞ்சுக்கிட்டுச் சொல்லுச்சு: "எங்கம்மா ஊருப் பக்கம் கோயில் குளத்துல வெல்லங் கரைப்பாங்க. மருவு, பரு, கட்டி எது வந்தாலும் அதான். குளத்துல வெல்லங் கரையக் கரைய இங்கயுங் கரைஞ்சு போயிரும். டாக்டரும் கரையும்னுதான சொல்றாரு. ஒருக்காக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"மொதல்ல மாத்திரைய முழுங்கு, அப்பறமேட்டுப் பாக்கலாம்"னு அதட்டுனேன். அந்த அப்பறமேட்டு வரவே இல்லைங்க. பம்பு மோட்டாரு எரிஞ்சு சுருள் கட்டப் போயிருந்துச்சு, அடுத்த வாரம்னேன். அடுத்த வாரம் அதால பஸ்ஸு நிக்கற ஒண்டிக்கடை வரைக்கும்கூட நடக்க முடியலை. பஸ்ஸுன்னாலே மொகம் வெளுத்துப் போச்சு. அதுக்கப்பறம் அது அந்தப் பேச்சை எடுக்கவுமில்லை, நானும் மறந்து போனேன்.

சந்தோசமா வெச்சுக்கன்னாரே டாக்டரு. என்னத்தக் குடுத்துச் சந்தோசப்படுத்தறது? சீலை எடுத்துக் குடுத்தா மடிச்சு வெச்சிருது. கறி எடுத்தா தொண்டையில எறங்கலை. அதுக்கு மிச்சமிருந்த சந்தோசம் அந்தக் கல்லு, அந்தக் காப்பி, அந்த ஒம்பது மீனு. அத்தனைதான். அந்த மூணுல காப்பியும் கல்லும் எங்கயும் போகாது. மீனைக் காப்பாத்தறதுதான் என்ட்ட மிச்சமிருந்த ஒரே வேலை. இருவத்திரண்டு வருசம் தண்ணியில கெடந்தவன், இதுகூடவா முடியாதுன்னு நெனைச்சேன்.

மாசி பாதியில தண்ணி மாற ஆரம்பிச்சுது. மொதல்ல லேசாக் கலங்குச்சு. அப்பறம் பச்சை. சுவத்துல கை வெச்சா வழவழன்னு பாசி. வெயில் ஏறுனா ஒரு புளிச்ச வாடை. மீனுங்க மேல வந்து வாயப் பொளந்து பொளந்து மூடுச்சுங்க. ஆராயி எட்டி எட்டிப் பாத்துட்டு, "ஏழுதாங்க தெரியுது"ன்னுச்சு. "உன்ற கண்ணுல கோளாறு, ஒம்பதும் இருக்குது"ன்னு சொல்லிட்டு, அது உள்ள போனப்பறம் நானும் குனிஞ்சு எண்ணிப் பாத்தேன்.

சும்மா இருப்பனா? கொடைக்கம்பி வளைச்சுத் துணியக் கட்டிப் பாசிய அரிச்சு எடுத்தேன். வெயில் படாம இருக்க சவுக்குக் கட்டையில வாழையெலை போட்டு நெழல் கட்டுனேன். படிகாரத்தத் துணியில முடிஞ்சு சுத்தி உட்டேன். பம்பு கொட்டாயில இருந்து சாயந்தரம் நாலு கொடம் நல்ல தண்ணி தூக்கியாந்து ஊத்துனேன். ரெண்டு நாள் தெளியும், மூணாம் நாள் பழையபடி பச்சை. மேல் ஊட்டு மாதப்பன் வேலியில சாஞ்சுக்கிட்டு, "காப்பிச் செடிக்கு அடிக்கற மயில்துத்தம் ஒரு கைப்புடி போடு, பாசி ஓடியே போயிரும்"ன்னான். "பாசியோட மீனும் ஓடியே போயிரும், உன்ற யோசனைய நீயே வெச்சுக்க"ன்னேன். அவன் சிரிச்சுக்கிட்டே போயிட்டான். அவன் பொண்டாட்டி சென்னம்மாள்தான் மத்தியானம் வந்து ஆராயிக்குக் கஞ்சி ஊத்திக் குடுக்கும். நான் வேலைக்குப் போற நேரத்துல வேற ஆளில்லை.

இத்தனை எரிச்சலுக்கு நடுவுல ஒரே ஒரு நல்ல சேதி. ஒரு நாள் காப்பியக் கையில வாங்கிக்கிட்டு ஆராயி கேட்டுச்சு: "இன்னொரு வெல்லங் குடுங்களேன்."

எனக்கு எப்புடி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியலைங்க. கஞ்சி எறங்காத தொண்டைக்கு வெல்லம் கேக்குது! வாய்க்கு ருசி வந்துருச்சு, டாக்டருக்கு என்ன தெரியும்னு நெனைச்சுக்கிட்டேன். அன்னிக்கு பம்பு கொட்டாயில கணக்கெழுதற ரைட்டரு மொதக்கொண்டு எல்லாத்துக்கிட்டயும் சொன்னேன். சந்தைக்குப் போய் நல்ல வெளுப்பு வெல்லமாப் பொறுக்கி ஒரு கூடை வாங்கியாந்தேன். தெனமும் ரெண்டு உருண்டை, அப்பறம் மூணு.

ஒரு ராத்திரி மழை பெஞ்சு உட்டுது. காலையில பாத்தா மாதப்பன் ஊட்டு வேலிக்கடியில இருந்து பழுப்பா ஒரு தண்ணி கசிஞ்சு எங்க பக்கம் வருது. ஆஹா, இதான்டா சங்கதின்னு பட்டுச்சு. அவன் ஊட்டுக்குப் பின்னாடி கையில சுத்தற மிசின்ல காப்பிப் பழம் உரிச்சு, அந்தத் தோலைக் குமிச்சு வெச்சிருந்தான். அந்தத் தோல் தண்ணி இனிப்பு. எஸ்டேட்ல அதை ஓடையில உட்டா என்ன ஆவும்னு வருசா வருசம் பாத்தவன் நான். இனிப்புத் தண்ணி அழுகும், நாறும், மீனு மூச்சு உட முடியாம மெதந்துரும். நேரா அவன் வாசலுக்குப் போயிட்டேன்.

"ஏப்பா மாதப்பா, மனுசந்தானா நீ? ஊட்டுல ஒரு உசிரு மீனை எண்ணிக்கிட்டு உக்காந்திருக்குது, நீ உன்ற கழிசடைத் தண்ணிய அதுல உடறியே!"

"யாருய்யா உட்டா? என்ற தோலு உன்ற தொட்டிக்கு வர்றதுக்கு அதுக்கென்ன காலா இருக்குது? மழைத்தண்ணி சாக்கடைப் பக்கந்தான போகுது, வந்து பாரு!"

நான் போய்ப் பாக்கலை. வாய்க்கு வந்ததெல்லாம் பேசுனேன். அவன் பொண்டாட்டி வந்து, "ஏனுங்ணா, ஆராயிக்காளுக்குக் கெடுதல் பண்ணுவமாங்க நாங்க?"ன்னு அழுதுச்சு. "நீங்க பண்ற நல்லதும் வேண்டாம்"னுட்டேன். மறுநாளே மாதப்பன் அந்தத் தோலை மொத்தமாக் கூடையில அள்ளி ரோட்டுக்கு அந்தப் பக்கங் கொண்டு போய்க் கொட்டுனான். சென்னம்மாள் வர்றதும் நின்னு போச்சு. மத்தியானக் கஞ்சியக் காலையிலயே வெச்சு மூடிட்டுப் போக ஆரம்பிச்சேன்.

இனி எவன் தண்ணியும் வராதுங்கற தைரியத்துல குளத்தையே காலி பண்ணுனேன். மீனை ஒரு டிரம்முல உட்டேன். தேங்காநாரு போட்டுச் சுவத்தத் தேய் தேய்னு தேய்ச்சேன். வெயில் காலத்துல ஊத்து பென்சில் கனத்துக்குத்தான் வரும், ரொம்பறதுக்கு ஒம்பது நாள் ஆச்சு. அத்தனை நாளும் டிரம்முல மீனுங்க ஒரு கொறையும் இல்லாம ஓடிக்கிட்டு இருந்துச்சுங்க. ஆராயிக்குத்தான் பொறுக்கலை. "எப்பங்க நம்ம கொளம் ரொம்பும்? எப்பங்க?"ன்னு தெனமுங் கேட்டுச்சு. அந்த வாரம் அது சீலையத் தொவைக்கறப்ப முந்தானையில முடிச்சுப் போட்ட எடம் பிசுபிசுன்னு ஒட்டுச்சு. காப்பியக் கொட்டிக்கிச்சாட்டம் இருக்குதுன்னு தொவைச்சுப் போட்டேன். முட்டாப்பய.

பத்தாம் நாள் மீனைத் திருப்பி உட்டேன். அடியில கெடக்கற கல்லு தெரியற தண்ணி. ஆராயி எண்ணி முடிச்சு, "ஒம்பதும் இருக்குதுங்க"ன்னு சிரிச்சுது. ரெண்டு மாசத்துல அப்பத்தான் அந்தச் சத்தத்தக் கேட்டேன். அன்னிக்கு நான் பாட்டுப் பாடாத கொறைதான்.

மூணாம் நாளு தண்ணி பாலாட்டம் கலங்கிப் போச்சு. நாலாம் நாளு நாத்தம். அஞ்சாம் நாளு வெடியால ரெண்டு மீனு வயித்தக் காட்டிக்கிட்டு மெதந்துச்சு. ஆராயி எந்திரிக்கறதுக்குள்ள எடுத்துப் பேரிக்கா மரத்தடியில பொதைச்சேன். மறுநாள் ஒண்ணு. அதுக்கு மறுநாள் மூணு. சாமக்கோழி கூப்புடறப்பவே எந்திரிச்சு, மெதக்கறதைப் பொறுக்கறதே பொழப்பாப் போச்சு. தண்ணி பழையபடி பச்சையானதுல ஒரு சவுகரியம், அதுக்கு எண்ண முடியலை. "ஒம்பதும் இருக்குதுங்களா?"ன்னு என்னியக் கேக்கும். "இருக்குது, அடியில போய்ப் படுத்திருக்குதுங்க"ம்பேன்.

ஒரு நாள் தாங்க முடியலை. மாதப்பன் தோலும் இல்லை, வெயிலும் படலை, தேய்ச்சுக் கழுவியாச்சு, பின்ன எப்புடிக் கெடும்? எவனோ வேணும்னே எதையோ கொட்டறான். குளத்துக் கரையில நின்னு, ஊரே கேக்கற மாதிரி கத்துனேன். "எவங் கையி இந்தத் தண்ணியக் கெடுக்குதோ, அந்தக் கை வெளங்காமப் போக! அழுகிப் போக! அவங் குடி முழுகிப் போக!"

திரும்பிப் பாத்தா ஆராயி பொறவாசப்படியில கதவு நெலையப் புடிச்சுக்கிட்டு நிக்குது. மொகத்துல ரத்தமில்லை. வலியாக்கும்னு நெனைச்சு மாத்திரை எடுத்தாந்து குடுத்தேன். வாங்கி முழுங்குச்சு.

நாலு நாள் கழிச்சு, நான் பம்பு கொட்டாய்க்குப் போன கையோட கரண்டு போச்சு. சாயந்தரந்தான் வரும்னாங்க. திரும்பி ஊட்டுக்கு வந்து, செருப்பக் கழட்டிப்போட்டுப் பொறவாசலுக்குப் போனேன். ஆராயி கல்லுல இல்லை. தரையில உக்காந்து குளத்துமேல குனிஞ்சிருந்துச்சு. காப்பி குடிக்காம அப்புடியே ஆறிக் கெடக்குது. கல்லுல இருந்து தண்ணி வரைக்கும் கட்டெறும்பு சாரை சாரையாப் போகுது. ஆராயி கைய மணிக்கட்டு வரைக்கும் தண்ணிக்குள்ள உட்டிருக்குது. ஒதடு அசையுது. இன்னொரு கை கழுத்தத் தொட்டுக்கிட்டு இருக்குது. கொஞ்ச நேரங் கழிச்சு வெறுங்கைய வெளிய எடுத்துப் பாத்துட்டு, பக்கத்துல இருந்த அடுத்த வெல்லத்த எடுத்துச்சு.

எனக்கு எல்லாம் வெளங்கிப் போச்சு. கோயில் குளத்துக்கு நான் கூட்டிட்டுப் போகலை. அதனால அது நம்ம குளத்துல கரைக்குது. ரெண்டு குடு, மூணு குடுன்னு கேட்டதெல்லாம் திங்கறதுக்கில்லை. டாக்டரு கரையும்னாருன்னு சொன்ன வாயும் என்ற வாயிதான். தெனமும் வெல்லத்தத் தேடிப் பொறுக்கி வாங்கியாந்து குடுத்ததும் இந்தக் கைதான். மாதப்பனப் பேசுனது, சென்னம்மாளை அழ வெச்சது, கரையில நின்னு சாபம் உட்டது, எல்லாம் ஒட்டுக்கா வந்து நெஞ்சுல ஏறி உக்காந்துக்கிச்சு.

ஊரையே கத்திக் கூப்புடற வாய் எனக்கு. ஆனா அதுங்கிட்ட என்னன்னு சொல்றது? வெல்லத்தப் போடாத, மீனு செத்துப் போச்சுன்னு சொல்லணும். அதைச் சொன்னா அந்த மீனைக் கொன்னது ஆராயிதான்னு ஆகும். கரையாதுன்னு சொல்லணும். அதைச் சொன்னா டாக்டரு என்ட்டச் சொன்னதையுஞ் சொல்லணும். எதைச் சொல்லலாம்னு நின்னு நின்னு பாத்தேன். சத்தங் காட்டாம வந்த வழியே திரும்பிப் போய், வேலி ஓரமா ஒக்காந்து அழுதேன். மாதப்பன் பாத்துட்டு எறங்கி வந்தான். அவங் கையப் புடிச்சுக்கிட்டு, "தப்பு என்றதுப்பா"ன்னேன். மத்தியானம் சென்னம்மாள் கஞ்சியோட வந்துச்சு.

சாயந்தரம் பாத்தேன். ஒத்தை மீனு மட்டும் குழாய் வாயிக்கு நேரா வந்து நின்னு, சொட்டற தண்ணிக்கு வாயத் தொறந்துக்கிட்டு இருந்துச்சு. அதை மட்டும் டின்னுல எடுத்துட்டுப் போய் பங்களாத் தோட்டக்காரன் மாதையங்கிட்டக் குடுத்தேன். பங்களாக் குளத்துல உட்டான். எங்க குளத்துல ஒண்ணும் இல்லை.

மறுநாள் காலையில காப்பி போட்டு, தட்டுல நாலு வெல்ல உருண்டைய வெச்சுக் கொண்டு போனேன். குடுத்துட்டு வேலைக்குக் கெளம்பாம அதுங்கிட்ட உக்காந்தேன். தட்டப் பாத்துச்சு, என்னியப் பாத்துச்சு.

"பாத்துட்டீங்களா?"ன்னு கேட்டுச்சு.

தலைய ஆட்டுனேன்.

"ஒம்பதும் இருக்குதுங்களா?"

"இருக்குது."

பச்சைத் தண்ணியவே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்பறம் மெல்லக் கேட்டுச்சு: "ஏனுங்க, அன்னிக்குக் கரையில நின்னு ஒண்ணு சொன்னீங்களே, கை அழுகிப் போகன்னு. கட்டுனவரு வாயில வந்தது பலிக்குமுங்களா?"

அப்புடியே செத்துப் போயிரலாம்னு இருந்துச்சுங்க எனக்கு. ஒரு வெல்லத்த எடுத்தேன். சட்டைக் கையச் சுருட்டிட்டு, முழங்கை வரைக்கும் அந்தத் தண்ணிக்குள்ள உட்டேன். வழவழன்னு பாசி கையச் சுத்துச்சு, நாத்தம் மூக்குல ஏறுச்சு. இருவத்திரண்டு வருசத்துல ஒரு நாள்கூட நான் தண்ணியில அழுக்கக் கலந்ததில்லைங்க. ஆராயி என்ற மொகத்தயே பாத்துட்டு, அதுவும் ஒண்ணை எடுத்து என்ற கைக்குப் பக்கத்துல கைய உட்டுச்சு. மலைத் தண்ணி ஐஸாட்டம் இருக்கும், வெல்லம் சீக்கிரங் கரையாது. ரெண்டு பேரும் அப்புடியே உக்காந்திருந்தோம்.

"கரையுதுங்களா?"ன்னு கேட்டுச்சு.

"கரையுது புள்ள"ன்னேன்.

அது பொய்யில்லைங்க. கையில இருந்த வெல்லம் கரைஞ்சுதான் போச்சு.